பிறர் படகில் உழைப்பவர்

செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி ஊரப்பாக்கம் என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரில் நின்று நோக்கினால் கடல் கண்ணுக்குப் புலப்படாது. அலையோசையும் செவிக்கு எட்டாது. ஆயினும், அதன் பெயரின் ஈற்றில் நிற்கும் 'பாக்கம்' என்னும் சொல் கடற்கரையை நினைவூட்டுவதாகும். நெய்தல் நிலத்து ஊர்களைப் பட்டினம் என்றும் பாக்கம் என்றும் வழங்குவது பழந்தமிழ் மரபு. நாளடைவில் அச்சொல் கரையைக் கடந்து உள்நாட்டு ஊர்களுக்கும் பெயராயிற்று. கரையில் பிறந்த சொல் கரையை விட்டுச் சென்றது போலவே, கரையில் பிறந்த மக்களும் இன்று தம் கரையை விட்டு நெடுந்தொலைவு சென்றுகொண்டிருக்கின்றனர்.

அவர்களுள் ஒரு சாரார் அயல் நாடுகளை அடைந்து, அந்நாட்டார்க்கு உரிய படகுகளில் ஏறி, அந்நாட்டுக் கடலில் மீன் பிடித்து வாழ்கின்றனர். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் கடற்கரை ஊர்களில் இத்தகையோர் பலர் உளர். மீன்பிடி படகுகளுக்கு அயல் நாட்டாரை வேலைக்கு அமர்த்தும் வழக்கம் எதனால் எழுந்தது? அவ்வாறு அமர்த்தப்படுவோர்க்கு நேரும் இடர்கள் யாவை? அவ்விடர்களை நீக்கும் வழி உண்டா? இவையே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலில் நம் கரையில் வழங்கும் முறையை அறிந்துகொள்வோம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையில் ஒரு காலை நேரத்தில் கரையோரமாக நடந்து சென்றால், படகுகள் அலையைக் கடந்து மணலில் வந்து ஏறுவதைக் காணலாம். மீன் கரையில் இறங்கியவுடன் ஏலம் தொடங்கும். ஏலத்தில் வந்த தொகையிலிருந்து எரிபொருள் முதலிய செலவுகளைக் கழிப்பர். எஞ்சிய தொகையில் படகுக்கும் வலைக்கும் இயந்திரத்துக்கும் என ஒரு பகுதியும், கடலுக்குச் சென்றவர்களுக்கு என ஒரு பகுதியும் ஒதுக்குவர். பங்கின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடலாம். முறை பெரும்பாலும் ஒன்றே.

நாட்கூலி என்று வரையறுக்காமல் பங்கு என்று வகுத்ததற்குத் தக்க காரணம் உண்டு. உழவன் தன் நிலத்தின் விளைவை ஓரளவு கணிக்கலாம். கடலின் விளைவை எவரும் கணிக்க இயலாது. ஒருநாள் வலை நிறையும்; மறுநாள் வெறும் வலை வரும். ஆதலின் ஊதியத்தையும் இழப்பையும் படகுக்கு உரியவரும் உழைப்பவரும் பகிர்ந்துகொள்ளும் முறை தோன்றிற்று. உலகின் பல கடற்கரைகளிலும் இம்முறை உண்டு. இம்முறையால் படகில் ஏறும் எளிய மீனவனும் கூலியாள் என்னும் நிலையிலிருந்து உயர்ந்து, தொழிலில் ஒரு கூட்டாளி ஆகிறான்.

ஆனால், இம்முறை நேர்மையாக நடைபெறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பங்கு பெறுபவன் கணக்கைக் கண்ணால் காண வேண்டும். நம் கரையில் அவன் காண்கிறான். ஏலம் அவன் எதிரிலேயே நடைபெறுகிறது. அவன் மொழியிலேயே விலை கூறப்படுகிறது. வாங்கும் மீன்காரி யார், கொடுத்த தொகை எவ்வளவு, எரிபொருள் என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பனவெல்லாம் அவனும் அவன் மனைவியும் அறிந்தவை. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஊர்ப் பஞ்சாயத்தும் இருக்கிறது.

இதே மீனவன் பாரசீக வளைகுடாவில் ஒரு படகில் ஏறியதாக வைத்துக்கொள்வோம். அங்கும் அவனுக்குப் பெரும்பாலும் பங்கு முறையே. ஆனால் படகின் உரிமம் அந்நாட்டுக் குடிமகன் ஒருவர் பெயரில் இருக்கும். மீனை விற்பவரும் அவரோ அவருடைய ஆளோ ஆவர். விற்பனை நடைபெறும் சந்தைக்கு மீனவன் செல்வதில்லை. சென்றாலும் மொழி விளங்குவதில்லை. சொன்ன விலையே விலை. காட்டிய செலவே செலவு.

இதனால் விளையும் தீங்கை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு படகில் ஆறு பேர் உழைக்கின்றனர் என்க. பிடித்த மீன் 1,00,000 ரூபாய்க்கு விற்றது. செலவு 40,000 ரூபாய். எஞ்சிய 60,000 ரூபாயில் பாதி படகுக்கும் பாதி ஆட்களுக்கும் என்று பேச்சு. ஆட்களுக்கு உரிய 30,000 ரூபாயை ஆறு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 5,000 ரூபாய் கிடைக்கும். இப்பொழுது, மீன் 80,000 ரூபாய்க்குத்தான் விற்றது என்று அவர்களிடம் கூறப்படுகிறது என்க. செலவு குறையாது, அதே 40,000 ரூபாயைக் கழிக்க வேண்டும். எஞ்சுவது 40,000 ரூபாய். அதில் பாதி 20,000 ரூபாய். ஆறில் ஒரு பங்கு ஏறத்தாழ 3,333 ரூபாய். விலையில் மறைக்கப்பட்டது ஐந்தில் ஒரு பகுதி. உழைப்பவன் வருவாயிலோ மூன்றில் ஒரு பகுதி மறைந்துவிட்டது. மீன் 40,000 ரூபாய்க்கு மட்டுமே விற்றது என்றால், இரவும் பகலும் உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை. கணக்கைக் காண்பவனுக்குப் பங்கு என்பது உரிமை. காணாதவனுக்கு அது வெறுஞ்சொல்லே.

இத்தகைய இடர் இருந்தும் அயல் நாட்டுப் படகுகளுக்கு ஆட்கள் செல்வது ஏன்? அந்நாட்டார் தம் மக்களைக் கொண்டே மீன் பிடிக்கலாமே என்று நீங்கள் வினவக்கூடும். ஒரு நாட்டில் செல்வம் பெருகி வேறு தொழில்கள் தோன்றியவுடன், இளைஞர் முதலில் கைவிடும் தொழில்களுள் ஒன்று கடலில் மீன் பிடிக்கும் தொழில். அது உறக்கத்தைக் கெடுப்பது. வீட்டை மறக்கச் செய்வது. உயிருக்கு அஞ்சாதவரையே வேண்டுவது. எண்ணெய் வளத்தால் செழித்த வளைகுடா நாடுகளில் மட்டுமன்றி, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, தைவான் முதலிய இடங்களிலும் இந்நிலையே. படகும் கடலும் மீனும் இருக்க, ஏறுவதற்குக் கை மட்டும் இல்லாது போயிற்று. அந்தக் கையை ஏழை நாடுகளின் கரைகளில் தேடினர்.

சில சமயங்களில் இயற்கையும் இதற்குக் காரணமாகும். 1989-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் 'கே' என்னும் பெரும்புயல் தாய்லாந்து வளைகுடாவில் எழுந்தது. அது அங்கே மீன்பிடி படகுகள் பலவற்றைக் கவிழ்த்து, நூற்றுக்கணக்கானோர் உயிரைக் குடித்தது. பின்னர் நிலத்தைக் கடந்து வங்கக் கடலில் புகுந்து, நம் ஆந்திரக் கரையில் காவலி என்னும் ஊரின் அருகே வந்து மோதிற்று. அப்புயலுக்குப் பின் தாய்லாந்து நாட்டு ஏழை உழவர் பலர் படகில் ஏற அஞ்சி விலகினர். அவர்கள் விட்ட இடத்தை மியன்மாரிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்த ஏழைகள் நிரப்பினர். அவர்களைக் கொணர்ந்த தரகர்கள் முன்பணத்தைக் கடனாக எழுதி, அக்கடன் தீரும்வரை படகை விட்டு இறங்க இயலாதவாறு செய்தனர். மீனை ஏற்றிச் செல்லவும் எரிபொருளும் உணவும் கொண்டுவரவும் வேறு கப்பல்கள் நடுக்கடலுக்கே வந்தமையால், அப்படகுகள் திங்கள் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில், துறைமுகத்தையே காணவில்லை. கரையைக் காணாதவன் யாரிடம் முறையிடுவான்?

2015-ஆம் ஆண்டில், இந்தோனேசியாவின் பெஞ்சினா என்னும் தொலைதூரத் தீவில் இத்தகையோர் பலர் சிக்கியிருப்பதைச் செய்தியாளர் சிலர் கண்டு உலகிற்கு அறிவித்தனர். அதன் பயனாக 2,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். அவர்கள் பிடித்த மீன் தாய்லாந்து வழியாக அமெரிக்கக் கடைகள் வரை சென்று விலையானதும் அப்பொழுது வெளிப்பட்டது.

இவ்வாறான கொடுமை வறிய நாடுகளிலும் சட்டம் தளர்ந்த இடங்களிலும் மட்டுமே நிகழும் என்று கருதிவிடல் ஆகாது. மறு ஆண்டில், அமெரிக்க நாட்டின் ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த மீன்பிடி படகுகளைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. அப்படகுகளில் ஆசிய நாடுகளையும் பசிபிக் தீவுகளையும் சேர்ந்த பல நூறு பேர் வேலை செய்தனர். அவர்களுக்கு அந்நாட்டில் கால் வைக்கும் நுழைவு இசைவு இல்லை. ஆகவே படகு ஹொனலுலு துறையில் கட்டப்பட்டிருந்தபொழுதும், அவர்கள் ஊருக்குள் செல்ல இயலாமல் படகிலும் துறைமேடையிலுமே வாழ்ந்தனர். இது சட்டத்தை மீறி நடந்ததன்று; சட்டத்தில் மீன்பிடி படகுகளுக்கு அளிக்கப்பட்டிருந்த ஒரு விலக்கின் துணைகொண்டே நடந்தது. பிரிட்டனிலும் பல ஆண்டுகள் இதை ஒத்த ஒரு முறை இருந்தது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் தொழில் செய்யும் படகில் சேர்வதற்காக, நாட்டின் வழியே கடந்து செல்லும் இசைவு மட்டும் கொடுத்து அயல் நாட்டு மீனவரை வரவழைத்தனர். கரையில் உள்ள தொழிலாளிக்குக் கிடைக்கும் காப்பு, கடலில் உள்ள அவர்களுக்குக் கிட்டவில்லை.

இனி நம்மவர் அனுபவத்துக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா நோய் ஈரான் நாட்டில் விரைந்து பரவியது. விமானங்கள் நின்றன, வேலையும் நின்றது. அந்நாட்டுத் துறைமுகங்களில் படகு வேலைக்குச் சென்றிருந்த தமிழ்நாட்டு மீனவர் நூற்றுக்கணக்கானோர் திரும்பும் வழியறியாது தவித்தனர். படகையே வீடாகக் கொண்டு தங்கியோரும் உளர். அவர்களுடைய குடும்பத்தார் இங்கே அரசினரிடம் முறையிட்ட வண்ணம் இருந்தனர். இறுதியில் இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா என்னும் கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் சென்று, 687 இந்தியரை ஏற்றிக்கொண்டு, அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் தூத்துக்குடியை அடைந்தது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மீனவரே.

இங்கு மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1983-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றியது. பள்ளி இறுதித் தேர்வு தேறாத எளியோர் சில குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்பொழுது, அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை அரசு அதிகாரி ஆராய்ந்து இசைவு வழங்க வேண்டும் என்பது அதன் வழி அமைந்த ஏற்பாடு. 2020-இல் அந்நாடுகளின் பட்டியலில் 18 நாடுகள் இருந்தன. சவுதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகியவை அவற்றுள் இருந்தன, ஈரான் இல்லை. ஆதலின் ஈரானுக்குப் படகேறச் சென்ற மீனவனின் ஒப்பந்தத்தைப் புறப்படும்முன் பார்த்துக் கேள்வி கேட்பதற்கு ஓர் அதிகாரியும் இல்லை. தரகர் சொல்லே அவனுக்கு ஒப்பந்தம் ஆயிற்று.

கடல் எல்லையால் வரும் இடர் வேறு. வளைகுடா ஒரு குறுகிய கடல்; அதன் இரு கரைகளிலும் பல நாடுகள் நெருங்கி அமைந்துள்ளன. நிலத்தில் எல்லைக்குக் கல் நடலாம். நீரில் எதை நடுவது? மீன் செல்லும் வழியே படகு செல்கிறது. அல்லது படகுக்கு உரியவர் போகச் சொன்ன இடத்துக்குச் செல்கிறது. எல்லை தாண்டியதாகக் காவற்படை பிடித்தால், சிறை செல்பவர் படகில் இருந்த அயல் நாட்டு மீனவரே. படகுக்கு உரியவர் தம் வீட்டில் இருப்பார். 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஈரானில் வேலை செய்துகொண்டிருந்த திருநெல்வேலி மாவட்ட மீனவர் 28 பேர், பஹ்ரைன் நாட்டுக் கடலில் நுழைந்ததாகப் பிடிக்கப்பட்டுத் தண்டனை பெற்றனர். முதலில் விதித்த ஆறு திங்கள் தண்டனை பின்னர் மூன்று திங்களாகக் குறைக்கப்பட, அவர்கள் டிசம்பரில் ஊர் திரும்பினர்.

இவ்விடர்களுக்கு உலக நாடுகள் கண்ட மருந்து யாது? சரக்குக் கப்பல்களில் பணியாற்றும் மாலுமிகளைக் காக்க, அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2006-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையை வகுத்தது. இந்தியாவும் 2015-ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. ஆனால் அவ்வுடன்படிக்கை மீன்பிடி படகுகளுக்குச் செல்லாது என்று அதிலேயே விலக்கப்பட்டுள்ளது. எனவே மீனவருக்கென்றே 2007-ஆம் ஆண்டில், 188 என்னும் எண் கொண்ட தனி உடன்படிக்கை ஒன்று ஜெனீவா நகரில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரப் பத்து ஆண்டுகள் ஆயின. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் முதல் அது செல்லுபடி ஆயிற்று.

அதன் விதிகளுள் சிலவற்றை அறிவது நலம். ஒவ்வொரு மீனவனுக்கும் எழுத்து வடிவில் வேலை ஒப்பந்தம் வேண்டும். வேலை தேடித் தந்ததற்காக அவனிடம் தரகுக் கட்டணம் வாங்குதல் ஆகாது. மூன்று நாட்களுக்கு மேல் கடலில் தங்கும் படகில், 24 மணி நேரத்துக்குள் 10 மணி நேரமேனும், ஏழு நாட்களுக்குள் 77 மணி நேரமேனும் ஓய்வு தருதல் வேண்டும். அயல் துறைமுகத்தில் ஒப்பந்தம் முடிந்தால் அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பும் பொறுப்பு படகுக்கு உரியவரைச் சாரும். இவற்றோடு, நாம் முன்னர்க் கண்ட நோய்க்கு நேர் மருந்தாக மற்றொரு விதியும் உண்டு. ஊதியம் பங்காகத் தரப்படுமாயின், அப்பங்கின் அளவையும் அதனைக் கணக்கிடும் முறையையும் ஒப்பந்தத்திலேயே எழுதுதல் வேண்டும். மாமல்லபுரத்து மணலில் ஏலத்தைக் கண்ணால் காண்பவனுக்கு இயல்பாகக் கிடைக்கும் உரிமையை, தொலைநாட்டில் இருப்பவனுக்கு எழுத்தின் வாயிலாக அளிக்க முயல்வதே இவ்விதியின் கருத்து.

ஆசியாவில் இவ்வுடன்படிக்கையை முதன்முதலாக ஏற்ற நாடு எது தெரியுமா? எந்நாட்டுப் படகுகளின் கொடுமையை உலகம் பழித்ததோ, அந்தத் தாய்லாந்தே 2019-ஆம் ஆண்டில் முன்வந்து ஏற்றது. ஐரோப்பிய நாடுகள் அதன் மீனை வாங்க மறுக்கக்கூடும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். காரணம் எதுவாயினும் பயன் நன்றே. இந்தியா 2024-ஆம் ஆண்டு முடியும் வரையில் இதனை ஏற்று உறுதி செய்யவில்லை.

இதுகாறும் அயல் நாட்டில் நம்மவர்க்கு நேரும் துன்பத்தைப் பேசினோம். நம் வீட்டையும் ஒருமுறை நோக்குதல் முறையன்றோ? சென்னைக் காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகுகளில் ஆந்திரம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் உழைக்கின்றனர். அவர்கள் இந்தியக் குடிமக்களே. ஆயினும் துறைமுகத்து மொழி அவர்களுக்கு அயல் மொழி. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. அந்நாட்களில் தமிழ்நாட்டு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. அதே படகில் தோளோடு தோள் நின்று உழைத்த ஒடிசாக்காரன் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு இரயில் ஏற வேண்டியவன் ஆகிறான். அவனுடைய பங்கு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை அவன் மொழியில் யாரேனும் அவனுக்கு விளக்கினரா? ஈரான் துறைமுகத்தில் தமிழன் எந்த நீதியை எதிர்பார்க்கிறானோ, அதே நீதியைக் காசிமேட்டில் அவனும் எதிர்பார்ப்பான் அல்லனோ?

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் கடற்கரை ஊர்களில் பிறந்தவராக இருக்கலாம். உங்கள் தமையனோ சிற்றப்பனோ படகு வேலைக்காக அயல் நாடு செல்ல முற்படும்பொழுது, வீட்டில் எழுதப் படிக்க நன்கு அறிந்தவர் நீங்களாகவே இருத்தல் கூடும். அப்பொழுது நீங்கள் சில வினாக்களைக் கேட்க வேண்டும். தரகர் அரசு உரிமம் பெற்றவரா? கையில் இருப்பது வேலைக்கு உரிய விசாவா, சுற்றுலா விசாவா? ஒப்பந்தம் எழுத்தில் உள்ளதா, அதன் படி ஒன்று வீட்டில் இருக்கிறதா? ஊதியம் பங்கு என்றால், எந்தெந்தச் செலவு கழித்து எத்தனை பங்கு? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? ஐயம் தோன்றினால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகலாம். ஐந்து வினாக்களைக் கேட்பதற்கு அரை நாழிகை போதும். கேளாது விட்டால் அதன் விளைவு ஆண்டுக் கணக்கில் நீளக்கூடும்.

ஊரப்பாக்கம் போன்ற உள்நாட்டு ஊர்களில் வாழ்வோர்க்கு இது தொலைவான செய்தி என்று தோன்றலாம். ஆனால் உலகச் சந்தையில் விற்கும் மீனில் எவருடைய உழைப்புக் கலந்திருக்கிறது என்பதைப் பெஞ்சினாத் தீவு காட்டிவிட்டது. பிறர் படகில் உழைப்பவன் நம் இரக்கத்தை வேண்டி நிற்பவன் அல்லன். அவன் வேண்டுவது கணக்கு. தன் வலையில் விழுந்த மீன் என்ன விலைக்கு விற்றது என்பதையும், அதில் தன் பங்கு எவ்வளவு என்பதையும் அறியும் உரிமையை அவனுக்கு அளித்துவிட்டால், எஞ்சியவற்றை அவன் கையே ஈட்டிக்கொள்ளும்.